ஜேம்சு ஓர்னெல்

ஜேம்சு ஓர்னெல் (1865–1949) ஒரு பிரித்தானியக் கடல் உயிரியலாளரும் படகு ஆய்வாளரும் ஆவார். இராமநாதபுரம் கரையை அடுத்த மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி, சங்கு ஆகியவற்றை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர்.

முத்துச்சிப்பி ஆய்வு

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் சிப்பிகள் சில ஆண்டுகள் பெருகிப் பின்னர் திடீரென மறைந்துவிடும். குளிப்பும் பல ஆண்டுகள் நின்றுபோகும். இதை ஆராயப் பேராசிரியர் வில்லியம் எர்டுமன் 1902 இல் இலங்கைக்கு வந்தார். ஓர்னெல் அவருக்கு உதவியாளராக வந்தார். பருவக்காற்றுக் காலத்தில் நகரும் மணல் இளஞ்சிப்பிகளை மூடுவதும், மீன்களும் நட்சத்திர மீன்களும் அவற்றை உண்பதும் அழிவுக்குக் காரணங்கள் என அறியப்பட்டது.

முத்து உருவாதல்

மழைத்துளியே முத்தாகிறது என்பது பழைய நம்பிக்கை. நாடாப்புழுவின் இளம் பருவத்தைச் சுற்றியே சிறந்த முத்துக்கள் உருவாவதாக இவ்விருவரும் கருதினர். இக்கருத்து பின்னர் பொது விளக்கமாக நிலைக்கவில்லை. சிப்பியின் ஓட்டைச் சுரக்கும் மென்போர்வையின் உயிரணுக்கள் உடலினுள் புகுந்து, பை போல் வளர்ந்து, ஓட்டின் உட்பக்கத்திலுள்ள அதே பளபளப்பான பொருளைப் படலம் படலமாகச் சுரப்பதால் முத்து உண்டாகிறது. இவ்வியல்பைப் பயன்படுத்தி 1973 இல் தூத்துக்குடியில் முத்து வளர்க்கப்பட்டது.

பிற பணிகள்

ஓர்னெல் சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராகப் பணியாற்றி 1924 இல் ஓய்வு பெற்றார். இந்தியாவின் புனிதச் சங்கு பற்றிய இவரது நூல் 1914 இல் வெளிவந்தது. கட்டுமரம் உள்ளிட்ட இந்தியப் படகுகளின் அமைப்பை 1920 இல் விவரித்தார். நீர்ப் போக்குவரத்தின் தோற்றம், வளர்ச்சி பற்றிய நூலை 1946 இல் வெளியிட்டார்.