மூளையின் காவலும் சுப்பாராவின் மருந்தும்

மைசூரு அரண்மனையின் வாயில்களில் காவலர் நிற்பர். வருவோரை ஆராய்ந்தே உள்ளே விடுவர். மனித மூளைக்கும் இத்தகைய காவல் உண்டு. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்ச் சுவர்களில் உயிரணுக்கள் இடைவெளியின்றிப் பிணைந்துள்ளன. உயிர்வளியும் சர்க்கரையும் அச்சுவரைக் கடந்து செல்லும். நச்சுப்பொருள்களும் கிருமிகளும் பெரும்பாலும் தடுக்கப்படும். இதனை இரத்த-மூளைத் தடுப்பு என்பர். ஆயினும், நோய் தீர்க்கும் மருந்துகள் பலவற்றையும் இக்காவல் தடுத்துவிடுகிறது. இந்திய அறிவியலறிஞர் எல்லாப்பிரகட சுப்பாராவ் தந்த மருந்துக்கும் இத்தடை நேர்ந்தது.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஆந்திரப் பகுதியில் உள்ள பீமவரத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது காந்தியடிகளின் கொள்கையை ஏற்றுக் கதராடை அணிந்தார். அதனால் பேராசிரியர் ஒருவரின் சினத்துக்கு ஆளானார். உரிய பட்டம் கிடைக்காமல் அதனினும் குறைந்த பட்டமே கிடைத்தது. எனினும் அவர் மனம் தளரவில்லை. கடல் கடந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார்.

1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அவர் தலைமையிலான குழு போலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தைச் செயற்கையாக உருவாக்கியது. பின்னர் அதனைப் போன்ற தோற்றமுடைய அமினோப்டெரின் என்னும் பொருளையும் உருவாக்கியது. போலிக் அமிலம் என ஏமாந்து அதனை ஏற்கும் புற்றணுக்கள் பெருக இயலாமல் அழியும். சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் 1947இல் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு இதனைக் கொடுத்தார். குழந்தைகள் பலர் சிலகாலம் நலம் பெற்றனர். 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார்.

அமினோப்டெரினை ஒத்த மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து பின்னர் மிகுதியாகப் பயன்பட்டது. ஆனால், உடலில் நோய் அடங்கிய பின்னும் மூளையைச் சூழ்ந்த சவ்வுகளில் புற்றணுக்கள் ஒளிந்திருந்தன. இரத்தத்தில் கலந்த மருந்து காவலைக் கடந்து போதிய அளவில் அங்கே செல்ல இயலவில்லை. நோய் மீண்டும் தலைதூக்கியது. எனவே மருத்துவர்கள் வேறு வழி கண்டனர். முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஊசியைச் செலுத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் மருந்தை நேரே கலந்தனர். இம்முறை இன்றும் குழந்தைகளின் உயிரைக் காத்து வருகிறது.

வினாக்கள்

1. இரத்த-மூளைத் தடுப்பினால் விளையும் நன்மை யாது? இடர் யாது?
2. சுப்பாராவ் சந்தித்த தடைகளையும் அவர் மருந்து சந்தித்த தடையையும் ஒப்பிட்டு எழுதுக.