மருத்துவர் கிறீனும் தமிழ்வழி நலக்கல்வியும்

சமயப் பணியமைப்பொன்று தன் சபையாருக்கும் அயலாருக்கும் உடல்நல அறிவை எம்மொழியில் புகட்டுவது என்னும் வினாவிற்குத் தம் பணியையே விடையாக்கியவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884). அவரை மருத்துவ நூல்களின் மொழிபெயர்ப்பாளராகவே நாம் பெரிதும் அறிவோம். அம்மொழிபெயர்ப்புகளுக்கு அடிப்படையான கல்வி நோக்கு இங்குச் சுட்டப்படுகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்த கிறீன், நியூயார்க்கில் பயின்று 1845இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டில் மானிப்பாயைத் தம் பணிக்களமாக்கினார். நோயாளரைக் கவனித்ததோடு உள்ளூர் இளைஞருக்கு மருத்துவமும் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலமே பயிற்றுமொழியாக இருந்தது.

1852இல் கால்வின் கட்டரின் நூலைத் தமிழாக்கி வெளியிட்டார். உடற்கூறு, உடலியல், உடல்நலம் பேணுதல் ஆகிய மூன்றையும் கூறும் அந்நூல், மருத்துவர்க்கென்று மட்டும் எழுதப்பட்டதன்று. கல்விக்கூடங்களையும் குடும்பங்களையும் கருதி இயற்றப்பட்டது. கிறீனின் தமிழாக்கப் பணி இந்நூலில் தொடங்கியமை கருதத்தக்கது. நோய் தீர்ப்போரை உருவாக்குவதோடு நோய் வராமற் காக்கும் அறிவையும் பரப்ப அவர் விழைந்தமையை இது காட்டுகிறது.

1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்ட கிறீன், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலவழி பயின்றோர் அரசுப் பணி நாடி ஊரை விட்டு அகன்றனர். தமிழ்வழி பயின்றோரே ஊர்களில் தங்கிப் பணியாற்றுவர் என்பது அவர் கணிப்பு. மாணவர் மேனாட்டு நடையுடை பாவனைகளை மேற்கொள்வதையும் அவர் விரும்பவில்லை. மாணவர் சிலர் மொழிபெயர்ப்பில் துணைநிற்க, 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' முதலிய நூல்கள் வெளிவந்தன. கலைச்சொல்லாக்கத்தில் தமிழில் வழங்கிய சொற்களை முதலிலும், அவை கிட்டாதவிடத்து வடசொற்களையும், பின்னரே ஆங்கில ஒலிபெயர்ப்பையும் நாடினார்.

கிறீனின் நோக்கம் சமயம் பரப்புதலே என்பதில் ஐயமில்லை. எனினும் மக்கள்மொழியில் அமைந்த மருத்துவ அறிவு சபையின் எல்லைக்குள் அடங்கி நிற்பதன்று. சமயப் பற்றும் பொது நலமும் ஒன்றையொன்று விலக்காமல் இயங்கிய களமாக மானிப்பாயைக் கொள்ளலாம்.

1873இல் நாடு திரும்பிய பின்னரும் கிறீன் நூற்பணியைக் கைவிடவில்லை. ஆயினும் அவர் நீங்கிய பின் மருத்துவக் கல்வி ஆங்கிலத்தின் வழிச் சென்றது. நூல்கள் எஞ்சின, அவற்றைப் பாடமாகக் கொள்ளும் கல்விக்கூடம் நிலைக்கவில்லை. கலைச்சொற்களை ஆக்குதல் மட்டும் போதாது, அவற்றை நாள்தோறும் வழங்கும் நிறுவனமும் வேண்டும் என்பதே அவர் வாழ்க்கை தமிழ்வழி அறிவியலுக்கு உணர்த்தும் உண்மையாகும்.