தனிநாயகம் அடிகளார்: ஆராய்ந்து அன்பு செய்தவர்

நம் பங்கில் மாலை வேளைகளில் பிள்ளைகள் சிலர் படிக்க வருவதுண்டு. ஒருநாள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் இலக்கிய நயம் பாராட்டும் வினாவுக்கு விடை எழுதிக்கொண்டிருந்தார். எதுகை, மோனை, இயைபு, அணி, சந்தம் எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. பாடலை வாசித்தாயா என்று கேட்டோம். வாசிக்காமலே எழுதிவிடலாம், எல்லாப் பாடலுக்கும் இதே விடைதான் என்றார். அந்தப் பிள்ளையைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. பாராட்டச் சொல்லிக்கொடுத்த நாம் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்று நம் நினைவுக்கு வந்தவர் அருட்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார். தமிழுக்காக உலகைச் சுற்றியவர் என்றே அவரைப் பெரும்பாலும் அறிந்திருக்கிறோம். இலக்கியத்தை எப்படிக் கற்க வேண்டும், எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று காட்டிய ஆசிரியர் என்பதை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

அடிகளார் 1913 ஆகஸ்டு 2-ஆம் நாள் யாழ்ப்பாணத்தின் ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தார். கொழும்பிலும் உரோமையிலும் குருத்துவப் படிப்பு. 1938-இல் குருவானார். மூன்றாம் நூற்றாண்டில் புனித சிப்ரியான் காலத்துக் கார்த்தேஜ் திருச்சபையின் குருக்களைப் பற்றி ஆய்வு செய்து இறையியலில் முனைவர் பட்டம் பெற்றார். பழைய ஏடுகளைச் சான்று பார்த்து, ஒப்பிட்டு, அளந்து முடிவு சொல்லும் பழக்கம் அங்கேயே அவருக்கு வந்துவிட்டது.

பின்னர் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியேற்று, வடக்கன்குளம் பள்ளிக்கு வந்தார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்திருந்தும் தாய்மொழியின் பழைய நூல்களைத் தாம் முறையாகக் கற்கவில்லையே என்ற குறை அவரை உறுத்தியது. பட்டங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, தமிழ்ப் பண்டிதர் ஒருவர் முன் மாணவராக அமர்ந்தார். 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றார். குருவாகிப் பல ஆண்டுகள் கழிந்தபின் மீண்டும் வகுப்பறைப் பலகையில் அமர்வது எளிதல்ல. விருப்பம் இருந்தால்தான் முடியும்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு, பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை. அது பின்னர் 1966-இல் ஆங்கிலத்தில் விரிவான நூலாக வந்தது. சங்கப் பாடல்களில் மலையும் காடும் கடலும் வெறும் அலங்காரமல்ல, மனித உணர்வுக்குப் பின்புலமாக நிற்பவை என்று அந்நூலில் எடுத்துக்காட்டினார். நெய்தல் நிலத்தின் மாலைப்பொழுது, பிரிந்தவரை எண்ணி இரங்கும் நெஞ்சின் பொழுது. முல்லைக்குக் கார்காலம் என்றால், அது வருவதாகச் சொன்னவருக்காகக் காத்திருக்கும் காலம். அங்கே மழையை இயற்கை வருணனை என்று ஒரு சொல்லில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் காத்திருப்பவளை நாம் காணாமலே போய்விடுகிறோம்.

இத்துடன் அவர் நின்றுவிடவில்லை. தமிழ்ப் பாடல்களைக் கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நம் மொழியே உயர்ந்தது என்று படிக்காமலே முழங்குவோர் அன்றும் இருந்தனர். அதில் என்ன இருக்கிறது என்று படிக்காமலே ஒதுக்குவோரும் இருந்தனர். இருவருக்கும் குறை ஒன்றுதான்: இருவருமே பாடலை வாசிக்கவில்லை. திறனாய்வு என்பது இந்த இரு தரப்பாரையும் பாடலின் முன் கொண்டுவந்து உட்கார வைக்கும் பணி. அதைத்தான் அடிகளார் செய்தார்.

1952-இல் தமிழ்ப் பண்பாட்டுக்கென ஆங்கிலக் காலாண்டிதழ் ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளரானார். இலண்டனில் அவர் செய்த முனைவர் ஆய்வும் பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை பற்றியதே. 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறையை நடத்தினார். 1964-இல் புதுதில்லியில் அறிஞர்கள் பலருடன் சேர்ந்து உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை உருவாக்கினார். அதன் முதல் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் நடந்தது. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களும் அங்கே தமிழ் நூல்களை ஆராய்ந்து பேசினார்கள். பிறர் நம் இலக்கியத்தை எடைபோடுவதற்கு அடிகளார் அஞ்சவில்லை.

1980 செப்டம்பர் 1-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். அவருடைய ஆய்வே முடிந்த முடிவு என்று யாரும் சொல்லவில்லை. 1968-இல் வெளிவந்த தம் நூலில் பேராசிரியர் கைலாசபதி அதே சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு, வேறு கேள்விகளை எழுப்பினார். ஒருவர் வாசிப்பு அடுத்தவர் வாசிப்புக்கு வழிவிடுவதே திறனாய்வுக்கு அழகு.

அன்புக்குரிய ஆசிரியர்களே, பெற்றோரே! அடிகளாரைப் போற்ற விரும்பினால் சிலையும் விழாவும் மட்டும் போதாது. பிள்ளைகளிடம் முதலில் பாடலை இருமுறை வாய்விட்டு வாசிக்கச் சொல்வோம். பேசுவது யார், யாரிடம், எந்த இடத்தில், எந்தப் பொழுதில் என்று கேட்போம். வேறொரு பாடலை அருகில் வைத்துப் பார்க்கச் சொல்வோம். எதுகையும் மோனையும் அதன்பின் வரட்டும். பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் அதட்டாமல், காரணம் கேட்போம்.

அந்த மாணவியோடு மறுநாள் பாடலை வாசித்தோம். இரண்டாம் முறை வாசிக்கும்போது நடுவில் நிறுத்தி, இவள் ஏன் அழவில்லை என்று கேட்டார். எந்த விடைத்தாளிலும் இல்லாத கேள்வி அது. நயம் பாராட்டல் அங்கேதான் தொடங்குகிறது.