ஐடா ஸ்கடர்: ஒரே இரவில் 3 மரணங்கள், விதி மாறியதும் ஆட்டம் கண்ட மருத்துவப் பள்ளி - நர்ஸ் பதிவுச் சட்டத்துக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டும்போது விரலில் ஊசி ஏறிவிட்டது. பக்கத்தில் இருக்கும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு முதலுதவி அறைக்கு ஓடுகிறார். அங்கே வெள்ளை கோட் போட்ட ஒரு பெண் ரத்தத்தைத் துடைத்து, கட்டுப் போட்டு, டி.டி. ஊசியும் போடுகிறார். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அந்த சிஸ்டர் என்ன படித்திருக்கிறார்? அரசு கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்திருக்கிறாரா? வலியில் துடிக்கிற நேரத்தில் இதையெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியை நமக்காகக் கேட்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது.

1926-ல் சென்னை மாகாணத்தில் நர்ஸ் பதிவுக்குச் சட்டம் வந்தது. 1947-ல் நாடு முழுவதற்கும் வந்தது. 2023-ல் அதுவும் மாறி, புதிய ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. விதி மாறும்போதெல்லாம் நர்சிங் படிப்பவர்களுக்கும் கல்லூரி நடத்துபவர்களுக்கும் ஒரு பதற்றம் வரும். இனி நம்ம படிப்பு செல்லுமா, செல்லாதா?

இதே பதற்றத்தை 80 வருஷத்துக்கு முன்பே சந்தித்தவர் வேலூர் ஐடா ஸ்கடர். அவர் என்ன செய்தார்? வாங்க, பார்க்கலாம்.

யார் இந்த ஐடா ஸ்கடர்?

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. அதைத் தொடங்கியவர்தான் ஐடா சோபியா ஸ்கடர். 1870 டிசம்பர் 9-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். அப்பா ஜான் ஸ்கடர் அமெரிக்க மிஷன் டாக்டர். தாத்தாவும் டாக்டர்தான். அவர் 1819-லேயே இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணப் பகுதியில் மருத்துவம் பார்த்து, பிறகு சென்னைக்கு வந்தவர்.

ஆனா ஐடாவுக்கு டாக்டர் ஆகும் ஆசையே கிடையாது. சின்ன வயதில் இங்கே பஞ்சத்தையும் பசியையும் நேரில் பார்த்தவர் அவர். அமெரிக்காவில் படிப்பை முடித்து, அங்கேயே நிம்மதியாக வாழ வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் கொஞ்ச நாள் உதவியாக இருக்கலாம் என்று திண்டிவனம் வந்தார். அப்போ அவருக்கு வயது 20-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

அந்த ஒரே இரவில் நடந்தது என்ன?

திண்டிவனத்தில் ஒரு இரவு, பிராமணர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். இளம் மனைவி பிரசவ வலியில் தவிக்கிறார், வந்து பார்க்க வேண்டும் என்று ஐடாவிடம் கேட்டார். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் டாக்டர் பார்ப்பதற்குச் சம்மதிக்காமல் அவர் திரும்பிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் இளைஞர் வந்தார். பிறகு இன்னொரு இந்து குடும்பத்துக்காரர் வந்தார். மூன்று பேருக்கும் ஒரே பிரச்சினை. மூன்று பேருக்கும் ஐடா சொன்னது ஒரே பதில்.

விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. விசாரித்தபோது மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஐடாவுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. வீட்டில் டாக்டரும் இருந்தார். அந்தப் பெண்களைத் தொட்டுப் பார்க்க அனுமதி கிடைக்கக்கூடிய, மருத்துவப் பயிற்சி பெற்ற ஒரு பெண்தான் ஊரில் இல்லை. அந்த இரவுக்குப் பிறகு ஐடா மருத்துவம் படிக்க முடிவு செய்தார்.

பட்டம் வாங்கியது எப்படி?

1895-ல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொண்டபோது அங்கே மாறி, 1899-ல் பட்டம் பெற்றார். இந்தியா கிளம்பும்போது அவர் கையில் 10,000 டாலர் இருந்தது. நியூயார்க் வங்கியாளர் ஷெல், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக மருத்துவமனை கட்டக் கொடுத்த பணம் அது.

1900-ல் வேலூர் வந்தார். அதே வருஷம் அப்பா இறந்துவிட்டார். கூட இருந்து கற்றுக்கொடுக்க மூத்த டாக்டர் இல்லை. வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் வைத்தியம் தொடங்கியது. பெரிய ஆபரேஷன் செய்ய வேண்டிய நிலை முதன்முதலாக வந்தபோது, உதவிக்கு நின்றது வீட்டு பட்லரின் மனைவி. பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர்கூட அப்போது இல்லை.

1902-ல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. கூட்டம் வந்துகொண்டே இருந்தது. 1906-ல் இருந்து ஊர் ஊராகப் போய், சாலையோர மரத்தடியில் மருந்து கொடுக்கவும் ஆரம்பித்தார். அப்போதுதான் ஒன்று தெளிவாகப் புரிந்தது. ஆபரேஷனை டாக்டர் முடித்துவிடலாம். அதற்குப் பிறகு ராத்திரி முழுக்கக் காய்ச்சல் பார்த்து, புண் கட்டி, சரியான அளவில் மருந்து கொடுத்து நோயாளியைப் பிழைக்க வைப்பது யார்?

1909: நர்சிங் பள்ளி

அந்தக் கேள்விக்குப் பதிலாக 1909-ல் வேலூரில் நர்சிங் பள்ளி தொடங்கியது. அதை நடத்த அமெரிக்காவிலிருந்து வந்தவர் டீலியா ஹௌட்டன் என்ற நர்ஸ்.

தமிழ்நாட்டில் நர்சிங் பயிற்சி இதற்கு முன்பு இல்லாமல் இல்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-லேயே பயிற்சி தொடங்கிவிட்டது. ஆனா அன்றைக்கு நர்ஸ் வேலைக்குப் பெண்ணை அனுப்பக் குடும்பங்கள் தயங்கின. அடுத்தவர் ரத்தத்தையும் மலத்தையும் தொடும் வேலை, எந்தச் சாதிக்காரரையும் தொட வேண்டிய வேலை, ராத்திரி ட்யூட்டி வேறு. ஊர் என்ன பேசும் என்ற பயம். ஆரம்பத்தில் படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் இஷ்டப்படி சொல்லிக்கொடுத்து, தானே சான்றிதழ் கொடுத்தது. ஓர் ஊரில் நர்ஸ் என்றால் ஆபரேஷன் தியேட்டர் வரை தெரிந்தவர். இன்னோர் ஊரில் நர்ஸ் என்றால் வார்டு பெருக்குபவர். இதைச் சரிசெய்ய 1910-களில் தென்னிந்திய மிஷன் மருத்துவமனைகள் சேர்ந்து பொதுத் தேர்வு வாரியத்தை அமைத்தன.

அதற்குப் பிறகு வந்ததுதான் 1926-ம் ஆண்டின் சென்னை நர்ஸ், மருத்துவச்சிகள் சட்டம். படித்துத் தேறியவர்களின் பெயரை ஒரு பதிவேட்டில் ஏற்றும் வேலையை மாகாண கவுன்சிலிடம் அது ஒப்படைத்தது. சென்னை, மதுரை, கோவை என்று எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பதிவு செல்லும். இன்றைக்கு இருக்கும் தமிழ்நாடு நர்ஸ் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலுக்கு அடிப்படை இந்தச் சட்டம்தான்.

விதி மாறியது, பள்ளி என்ன ஆனது?

நர்ஸ்களோடு நிற்கவில்லை ஐடா. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். விண்ணப்பிக்கவே ஆள் வராது என்று அதிகாரிகள் நினைத்தார்கள். வந்தவை 151 விண்ணப்பங்கள். 1922-ல் முதல் பேட்ச் 14 பெண்கள் தேறி வெளியே வந்தார்கள். அவர்கள் படித்தது எல்.எம்.பி. என்ற டிப்ளமோ. எம்.பி.பி.எஸ். பட்டத்தைவிட ஒரு படி கீழே.

1930-களின் கடைசியில் சென்னை மாகாண அரசு ஒரு முடிவெடுத்தது. டாக்டர் ஆக வேண்டும் என்றால் இனி பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும், டிப்ளமோ போதாது. நடந்தது ராஜாஜி தலைமையிலான ஆட்சி. ராயபுரம் ஸ்டான்லி மருத்துவப் பள்ளி அப்படித்தான் 1938-ல் கல்லூரியாக உயர்ந்தது. அது அரசுப் பள்ளி, அரசே செலவைப் பார்த்துக்கொள்ளும். வேலூர்ப் பள்ளிக்கு யார் பார்ப்பார்கள்?

கல்லூரி ஆக வேண்டும் என்றால் படுக்கைகள் அதிகம் வேண்டும். மேற்படிப்பு முடித்த பேராசிரியர்கள் வேண்டும். ஆய்வகங்கள் வேண்டும். கையில் பணம் இல்லை. ஐடாவுக்கு வயது 70-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. 20 வருஷம் உழைத்துக் கட்டிய பள்ளி மூடும் நிலைக்கு வந்துவிட்டது.

ஐடா மேல் தப்பே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் அவர் இந்த மாற்றத்துக்குத் தயாராக இல்லை. கிராமத்துப் பெண்களுக்குப் பட்டம் வாங்கிய டாக்டரைவிட, பக்கத்தில் நிற்கிற டாக்டர்தான் முக்கியம் என்று நினைப்பதில் நியாயமும் இருந்தது. ஆனா அரசு கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஏழைப் பெண்ணுக்கு வைத்தியம் பார்ப்பவருக்கு மட்டும் எதற்குக் குறைந்த படிப்பு?

70 வயதில் ஒரு பயணம்

1941-ல் ஐடா கப்பலேறி அமெரிக்கா போனார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஊர் ஊராகப் போய் சர்ச்சுகளிலும் பெண்கள் சங்கங்களிலும் பேசி நிதி திரட்டினார். இது பெண்கள் கல்லூரியாகவே இருக்க வேண்டும் என்று நினைத்த பழைய ஆதரவாளர்கள் சிலர், ஆண்களையும் சேர்க்கும் யோசனை வந்ததும் விலகிப் போனார்கள். ஐடாவுக்கு அது பெரிய வலி. இருந்தும் கல்லூரி நிலைக்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை என்று ஏற்றுக்கொண்டார்.

1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அனுமதி கிடைத்தது. 1945-ல் ஐடா வேலூர் திரும்பினார். 1946-ல் நர்சிங் பள்ளியும் ஒரு படி ஏறியது. இந்தியாவில் முதன்முதலாக நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிய இரண்டு இடங்கள் டெல்லியும் வேலூரும். சான்றிதழ் படிப்பாக இருந்த நர்சிங், 4 வருட பி.எஸ்சி. ஆனது. அதே 1946-ல்தான் ஐடா பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். 1960 மே மாதம், 89 வயதில் கொடைக்கானலில் காலமானார்.

அதன் பிறகு சட்டம் எப்படி மாறியது?

1947 டிசம்பரில் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் நிறைவேறியது. எந்தப் படிப்பு, எத்தனை வருஷம், என்ன பாடம் என்பதை நாடு முழுக்க ஒரே மாதிரி ஆக்குவதுதான் நோக்கம். ஏ.என்.எம். 2 வருஷம், ஜி.என்.எம். 3 வருஷம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம் என்று இன்றைக்கு நாம் சொல்வதெல்லாம் அந்தக் கவுன்சில் வகுத்த பாடத்திட்டப்படிதான்.

2016-17 வாக்கில் அந்தக் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைக் கொண்டுவந்தது. பி.எஸ்சி. முடித்து, ஐ.சி.யு. அனுபவம் உள்ளவர்களுக்கான 2 வருட மேற்படிப்பு இது. பிரசவம் பார்ப்பதற்கென்றே தனியாக நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியும் பிறகு வந்தது. அதாவது, அன்றைக்குத் திண்டிவனத்தில் இல்லாமல் போன அந்த ஆளை உருவாக்குகிற படிப்பு.

2023 ஆகஸ்டில் தேசிய நர்சிங் மற்றும் மருத்துவச்சி ஆணையச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. 1947 சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் சட்டம் இது. இதில் முக்கியமானவை என்ன?

* கவுன்சிலுக்குப் பதிலாக தேசிய ஆணையம், மாநிலங்களில் மாநில ஆணையம்.
* பாடத்திட்டத்துக்கு ஒரு வாரியம், கல்லூரிகளை ஆய்வு செய்து தரம் பிரிக்க ஒரு வாரியம், தொழில் ஒழுக்கத்துக்கும் பதிவுக்கும் ஒரு வாரியம்.
* நாடு முழுவதற்கும் ஆன்லைன் பதிவேடு.
* நர்சிங் படிப்பில் சேர ஒரே மாதிரியான நடைமுறை.

திருப்பூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கு?

பனியன் கம்பெனிகள் நிறைந்த ஊருக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 500 தொழிலாளர்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில், மருத்துவ, நர்சிங் ஊழியர்களின் பொறுப்பில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. அங்கே வேலை செய்யும் சிஸ்டரிடம் பதிவு எண் இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேட்பதில் தப்பே இல்லை. பதிவு செய்த நர்ஸுக்கு அதைக் காட்டுவதில் பெருமைதான் இருக்கும்.

பிளஸ் டூ முடித்த பெண்ணை நர்சிங் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கும் இது முக்கியம். 6 மாதம், ஒரு வருஷத்தில் நர்ஸ் ஆகலாம் என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் பணம் கட்டுவதற்கு முன் ரெண்டே கேள்வி கேளுங்க. இந்தப் படிப்புக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கா? படிச்சு முடிச்சா தமிழ்நாடு கவுன்சிலில் பதிவு கிடைக்குமா? ரெண்டில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும், அந்தச் சான்றிதழை வைத்து நர்ஸ் என்று வேலை பார்க்க முடியாது. கட்டிய பணமும் போச்சு, வருஷமும் போச்சு.

பதிவு என்பது ஒரு பேப்பர்தானே என்று தோன்றலாம். 70 வயதில் கடல் தாண்டிப் போய் ஐடா நிதி திரட்டியது, தன்னிடம் படிக்கும் பெண்களுக்கு அந்தப் பேப்பர் செல்லுபடியாக வேண்டும் என்பதற்காகத்தான்.