பொடிமணமும் ஒரு பெருவாழ்வும்

காஞ்சிபுரத்திலிருந்து பூந்தமல்லி வழியாகச் சென்னைக்கு வரும் சாலை, அறிஞர் அண்ணாவின் வாழ்வோடு பின்னிப்பிணைந்தது. 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சியில் எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அவர், சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்றார். பெரியாரின் இயக்கத்தில் எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் வளர்ந்து, 1949இல் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார்; 1967இல் முதலமைச்சரானார்.

இரவெல்லாம் நீளும் கூட்டங்களும் எழுத்தும் நிறைந்த அவ்வாழ்வில் நீங்காத துணையாக இருந்தவை மூக்குப்பொடியும் வெற்றிலை புகையிலையும். புகையிலையின் மணத்தை நுகர்ந்து மகிழ்வது பல நாடுகளில் ஒரு ரசனையாகவே போற்றப்பட்டது. இங்கிலாந்தின் கெண்டல் நகரில் சுங்கான் புகையிலைக்கும் பொடிக்கும் மலர்மணம் ஏற்றினர். நம் ஊரில் பொடிக்கு நெய்மணம் சேர்த்தனர். மணம் வேறானாலும் உள்ளிருந்த நஞ்சு ஒன்றே.

1968இல் அண்ணாவின் உணவுக்குழாயில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, நியூயார்க்கில் அறுவை சிகிச்சை நடந்தது. மெல்லும் புகையிலை அந்நோய்க்குக் காரணமாகும் என்பதை மருத்துவ உலகம் இன்று உறுதியாக ஏற்கிறது. 1969 ஜனவரி 14 அன்று, அவர் விரும்பியபடியே இம்மாநிலம் தமிழ்நாடு என்னும் பெயரைப் பெற்றது. இருபதே நாள்களில், பிப்ரவரி 3 அன்று, அவர் மறைந்தார். வயது 59, ஆட்சிக்கு வந்து இரண்டாண்டுகள்கூட நிறைவடையவில்லை. இறுதி ஊர்வலத்தில் சென்னை மக்கள்வெள்ளத்தில் மூழ்கியது.

அண்ணாவின் பெயரைச் சொல்லி மேடையேறுவோர் பலர். அவரை நாம் இழந்த விதத்தைச் சொல்வோர் சிலரே. புகையிலையைக் கைவிடுமாறு இளையோரிடம் கூறும்போது அதையும் சேர்த்துக் கூறுவது, அவருக்குச் செய்யும் மரியாதையாகவே அமையும்.