திரைச்சீலை கட்டிய பள்ளி வண்டி

சமுதாயத்தை ஒரே வீச்சில் புரட்டிப் போட நினைத்தவர்கள் பலர். என் மனத்தைக் கவர்ந்தவரோ, ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி அதை மெல்ல மெல்ல மாற்றியவர். அவர்தான் வங்காளத்தின் பேகம் ரொக்கேயா.

1880-இல் ரங்பூரை அடுத்த பைராபந்து கிராமத்தில், நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தார். கோஷா முறை கடுமையாக இருந்த வீடு அது. பெண்பிள்ளைகள் வங்காளமும் ஆங்கிலமும் படிக்கத் தடை. வீடு உறங்கியபின் அண்ணன் இப்ராகிம் இரகசியமாகக் கற்பித்தார். மணமானபின் கணவர் சகாவத் உசேன் எழுதவும் ஊக்கமளித்தார். ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் நாடாளும் 'சுல்தானாவின் கனவு' என்னும் ஆங்கிலக் கதை 1905-இல் நம் சென்னையிலிருந்து வந்த மகளிர் இதழில்தான் வெளியானது!

1909-இல் கணவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு பாகல்பூரில் 5 மாணவிகளுடன் பள்ளி தொடங்கினார். குடும்பத் தகராறால் அங்கிருந்து வெளியேறி, 1911-இல் கல்கத்தாவில் 8 மாணவிகளுடன் மீண்டும் தொடங்கினார்.

கதையில் கோஷாவைத் தலைகீழாக்கியவர், பள்ளியில் அதற்கு இடம் கொடுத்தார். தாமும் புர்கா அணிந்தே வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசினார். மாணவிகளை அழைத்துவர மூடிய வண்டி வைத்தார். பின்னர் வந்த மோட்டார் பேருந்தோ காற்றே புகாமல் இருண்டு கிடந்தது. பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். அடைப்பை எடுத்துத் திரைச்சீலை தொங்கவிட்டார். திரை காற்றில் பறக்கிறது, மானம் போகிறது என்று கண்டனக் கடிதங்கள் வந்தன. பள்ளியை மட்டும் அவர் மூடவில்லை.

இது கோழைத்தனமா? நான் அப்படிக் கருதவில்லை. திரையைக் கிழித்திருந்தால் வண்டி காலியாகத்தான் ஓடியிருக்கும். திரைக்குள் அமர்ந்து வந்தவர்கள் எழுத்தறிவோடு வீடு திரும்பினார்கள். அதே வேளையில் அவர் பேனா எதற்கும் வளையவில்லை. பெண்களை அடைத்துவைக்கும் வழக்கத்தின் கொடுமைகளை, 47 சம்பவங்களாக 1931-இல் நூலாக்கினார். 1916-இல் முஸ்லிம் பெண்களுக்கெனச் சங்கமும் கண்டிருந்தார்.

1932 டிசம்பர் 9-இல் மறைந்தார். அந்த நாளை வங்காளதேசம் ரொக்கேயா தினமாக நினைவுகூர்கிறது. அவர் பள்ளி கொல்கத்தாவில் இன்றும் நடக்கிறது.

நண்பர்களே, விரிவுரை மண்டபத்தில் நமக்கு இடம் கிடைத்துவிட்டது. படிப்பைப் பாதியில் விட்ட தங்கை ஒருத்தி நம் குடியிருப்பிலும் இருக்கலாம். அவள் வீட்டுக் கதவை நாம் எப்போது தட்டப்போகிறோம்?