தமிழுக்காக ஊர் மாறிய குடும்பம்

ஜப்பான் நாட்டில் தசைபு என்னும் ஊரில் ஒரு கோயில் உண்டு. அங்கே தெய்வமாக வணங்கப்பெறுபவர், 903-ஆம் ஆண்டில் மறைந்த மிச்சிசானே என்னும் புலவர். பரீட்சை எழுதப்போகும் மாணவர்கள் அவர் சந்நிதியில் கல்வி வேண்டி நிற்கின்றனர். கற்றோரைத் தொழும் வழக்கம் நமக்கும் புதிதன்று. அவ்வாறு நாம் சென்று வணங்கத்தக்க இடம் ஒன்று பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தில் இருக்கிறது. அதுவே மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் நினைவில்லம்.

ஐயரவர்கள் 1855 பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான், செல்வரல்லர். மகனுக்குத் தமிழில் இருந்த தணியாத வேட்கையைக் கண்டு, பாடஞ் சொல்வோர் வாழும் ஊர்களை நாடிக் குடும்பத்தோடு குடிபெயர்ந்தார். குன்னம், கார்குடி, செங்கணம் என ஊர்கள் மாறின. கல்வி மட்டும் தொடர்ந்தது. இறுதியில் 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மகனை ஒப்புவித்தார்.

பிள்ளையவர்கள் பொருளை எதிர்பாராது பாடஞ் சொன்ன வள்ளல். 1876-இல் அவர் சிவபதம் அடையும்வரை ஐயரவர்கள் உடனிருந்து கற்றார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டே, அவ்வூர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டோ என வினவினார். படித்ததில்லை. அவ்வொரு வினாவே அவர் வாழ்க்கைக்கு வழிகாட்டியது. ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியும், ஜைனர் இல்லங்களுக்குச் சென்று அவர்தம் சமயக் கொள்கைகளைக் கேட்டறிந்தும், 1887-இல் அந்நூலைப் பதிப்பித்தார். பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. முதுமையிலும் ஆசிரியரை மறவாது, அவர் சரித்திரத்தை இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார். 1942 ஏப்ரல் 28-ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார்.

நாமும் ஊர்விட்டு வந்தவர்களே. அத்தந்தையார் தமிழைத் தேடி ஊர் மாறினார். நாம் உத்தியோகத்தின் பொருட்டு ஐதராபாத்திற்கும் செகந்திராபாத்திற்கும் வந்தோம். நம் இல்லங்களில் தமிழ் பேசும் குழந்தைகள் பலர். அதை எழுத்துக்கூட்டிப் படிப்போர் சிலரே. ஆதலின், அன்பர்கள் விடுமுறையில் தஞ்சைப் பக்கம் செல்லுங்கால், கோயில்களைத் தரிசித்த பின்னர் உத்தமதானபுரத்திற்கும் குழந்தைகளை அழைத்துச் செல்க. செல்லுமுன், அவ்வில்லத்தின் பெயர்ப்பலகையைத் தாமே படிக்கும் அளவிற்கேனும் அவர்களுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பித்திடுக. அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் காணிக்கை அதுவேயாகும்.